வெட்டியெடுத்த நாற்பது விநாடி

கெல்லேர்ட் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். புடாபெஸ்டின் பத்து மாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் கருவிப்பையோடு வந்து நிற்கிற ஆள் அவன்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு வழியாகப் பேச்சுக் கொடுப்பான். "பயப்படாதீங்கம்மா. இது கீழயும் விழாது, மேலயும் போகாது. அதானே பிரச்சினையே" என்பான். உள்ளே இருக்கிற அம்மாள் சிரிப்பாள். வாரத்தில் ஆறு நாள் இப்படி. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகத்தடியில் இருக்கிற கிரீஸ் போகாவிட்டாலும் போனதாக வைத்துக்கொண்டு, எட்டாவது வட்டாரத்தில் ஒரு நிலவறை மதுக்கடையில் கிட்டார் வாசிப்பான். ஜாஸ். இருபது பேர் கேட்க வந்தால் அன்றைக்குப் பெரிய கூட்டம்.

நல்ல மனுஷன்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மிச்சத்தைக் கேட்டுவிட்டு ஆளாளுக்கு அவனைத் திட்டத் தோன்றும். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். ஒரு மெட்டை ஒரு தடவை வாசித்த மாதிரி இன்னொரு தடவை வாசிக்க மாட்டான். எழுதி வைத்துக்கொள்ளவும் மாட்டான். கேட்டால், "நேத்து தின்னதையேவா இன்னிக்கும் மெல்லணும்?" என்பான். மனோதர்மம்தான் அவனுக்கு உயிர்; மெட்டை உள்ளபடி நேராக வாசிப்பது பள்ளிக்கூட வாத்தியார் வேலை என்று ஓர் எண்ணம். மனைவி அவனை விட்டுப் போனதற்கும் அதுதான் காரணம் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவான் என்பதிலும் அவன் மனோதர்மம்தான்.

இந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தவன் போல்டிஷார். அதே வேலை, அதே கருவிப்பை. எல்லைக்கு அந்தப் பக்கம், ருமேனியாவுக்குள் இருக்கிற ஒரு ஹங்கேரியக் கிராமத்தில் பிறந்தவன். இருபத்திரண்டு வயதில் இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன். ஆறடிக்கு மேல் உயரம். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் தலையில் இடித்துக்கொள்ளாமல் வெளியே வர மாட்டான். ஊரில் கல்யாண வீடுகளில் பெரிய வயலின் மாதிரியான மூன்று கம்பி பேஸை வில்லால் அறுத்துக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து ஜாஸுக்கு இழுத்து வந்தது கெல்லேர்ட். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம், ஒருத்தன் கிட்டார், ஒருத்தன் ஆளுயர டபுள் பேஸ், வேறு யாரும் கிடையாது.

"டேய், பகல்ல குழி, சாயங்காலம் நிலவறை. நமக்கு வெளிச்சத்துல வேலையே எழுதலையா?" என்பான் போல்டிஷார்.

"உன் மூஞ்சிய வெளிச்சத்துல யாருடா பார்ப்பா?" என்பான் கெல்லேர்ட்.

தொண்ணூற்று நான்கு பிப்ரவரியில் வெளிச்சம் வந்தது. ஒரு சின்னக் கம்பெனி அவர்களுக்கு ஸ்டூடியோவில் மூன்று நாள் கொடுத்து, கிராமத்து மெட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் செய்து தரச் சொன்னது. கெல்லேர்ட்டுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இனிமேல் இப்படி ஒன்று வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். எட்டு மெட்டுகளை உடனே முடிவு செய்துவிட்டான். ஒன்பதாவதாக அவன் மனதில் இருந்தது போல்டிஷாரின் பாட்டு.

அதைக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. போல்டிஷாரின் ஊரில் ஆம்பளைகள் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பாட்டு என்று ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் ஒருத்தன் வந்து வாத்தியக்காரர்கள் எதிரே நின்றால் போதும், கேட்காமலே அவனுடையதை எடுப்பார்கள். அவன் நின்றுகொண்டிருக்கும்போது வேறு எவனாவது அதற்கு ஆடினால் பல் மிஞ்சாது. அவன் செத்தால் குழியருகே கடைசியாக ஒரு தடவை. அதோடு அது அவனுக்கு மட்டும் சொந்தம் என்பது முடிந்தது. போல்டிஷார் தன் பாட்டை நிலவறையில் வாசித்ததே இல்லை. குழிக்குள் வேலை செய்யும்போது எப்போதாவது முனகுவான். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கெல்லேர்ட்டுக்கு அதன் மேல் ஆசை வந்தது.

கேட்டதற்குப் போல்டிஷார் மூன்று வாரம் பதிலே சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் லிஃப்ட் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னான்.

"எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு. மொதல்ல ஒரு தடவ நேரா வரணும். எங்க ஊர்ல எவ்ளோ பெரிய கொம்பனா இருந்தாலும் ஒருத்தன் பாட்ட மொதல்ல நேரா வாசிச்சுக் காட்டுவான். உன்ன எனக்குத் தெரியும்னு அர்த்தம். அதுக்கப்புறம் நீ என்ன குரங்கு வித்த வேணாலும் காட்டிக்கோ."

"அவ்ளோதானே" என்றான் கெல்லேர்ட். கொஞ்சம் சுலபமாகவே சொல்லிவிட்டான்.

ஸ்டூடியோவில் போல்டிஷார் அதைத் தனியாக, பேஸில், வில் போட்டு வாசித்தான். ஒரே தடவை. நாற்பது விநாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் திவதார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அதைத் தொடர்ந்து கெல்லேர்ட் உள்ளே நுழைந்தான். பதினொரு நிமிஷம். அப்படி ஒரு வாசிப்பு அவனுக்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. மெட்டை உடைத்தான், தலைகீழாக்கினான், பாதியில் விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டு எதிர்பாராத இடத்தில் வந்து தொட்டான். போல்டிஷார் பின்னாலேயே ஓடினான். முடிந்ததும் இரண்டு பேருக்கும் சட்டை நனைந்திருந்தது.

மூன்றாம் நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக் கேட்டார்கள். அந்த நாற்பது விநாடி வந்தபோது கெல்லேர்ட் நெளிந்தான்.

"போல்டி, இது வேணாம்டா. ம்யூசியத்துல டிக்கெட் கிழிச்சுக் குடுத்து உள்ள அனுப்பற மாதிரி இருக்கு. நேரா கிட்டார்ல ஆரம்பிச்சா கேக்கறவன் தடுமாறுவான். அதுதானே நல்லாருக்கும்?"

போல்டிஷார் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "உன் ஆல்பம்" என்றான்.

"நம்ம ஆல்பம்டா."

"நம்மதுன்னா அது இருக்கட்டும்."

"டேய்."

"சரி, விடு" என்றான் போல்டிஷார்.

அவன் விடு என்று சொன்னால் விட்டுவிட்டதாக அர்த்தம் இல்லை என்பது பதினெட்டு வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் திவதாரிடம் வெட்டச் சொன்னான். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு அந்த மாதிரி விஷயமெல்லாம் காதில் ஏறாது.

மே மாதத்தில் ஒரு காலை, பத்து மாடிக் கட்டிடம் ஒன்றில் கெல்லேர்ட் கீழே குழியில் இருந்தான், போல்டிஷார் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தான். "சுவிட்சப் போடு" என்று இவன் கத்தினான். பதில் இல்லை. இன்னும் இரண்டு தடவை கத்திவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்புறம் படியேறினான். போல்டிஷார் மோட்டாரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவ்வளவு பெரிய உடம்பைப் பத்து மாடியும் படி வழியாகத்தான் தூக்கி இறக்கினார்கள். லிஃப்ட்டைத்தான் இவர்கள் கழற்றிப் போட்டிருந்தார்களே. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கெல்லேர்ட் தன் தலையில் அடித்துக்கொண்டான்.

உயிர் பிழைத்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "இல்ல." சூப் வேணுமா என்றால் "இல்ல" என்பான், ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறப்பான். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் "இல்ல". திறந்தால் கண்ணை மூடிக் காற்றை வாங்குவான். அவன் மனைவி ஆகோதா ஒரு பள்ளிக்கூட சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறவள்; ஐந்நூறு பிள்ளைகளின் "வேண்டாம்" கேட்டுப் பழகினவள். "இந்த வீட்டுல இல்லன்னு சொன்னா யார் கேட்டா?" என்று அவன் வாயைத் துடைத்துவிடுவாள். அவன் இடது பக்கத்தால் சிரிப்பான்.

ஜூனில் ஆல்பம் வந்தது. ரேடியோவில் ஒரு ஆள் ஒன்பதாவது பாட்டைப் பதினொரு நிமிஷமும் முழுதாகப் போட்டார். நிலவறையில் அறுபது பேர் நின்றார்கள். கெல்லேர்ட் சி.டி.யையும் ஒரு சின்ன பிளேயரையும் தூக்கிக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். உறையின் பின்பக்கத்தில் ஒன்பதாவது வரியைப் போல்டிஷாருக்குக் காட்டினான். "போல்டிஷாரின் பாட்டு" என்று அச்சடித்திருந்தது. போல்டிஷார் அதன் மேல் விரலை வைத்துத் தடவினான். ஆகோதா அழுதாள்.

பாட்டைப் போட்டான். போல்டிஷார் பதினொரு நிமிஷமும் அசையாமல் கேட்டான். தன் பேஸ் தனியாக வருகிற இடத்தில் இடது கை போர்வை மேல் கம்பிகளைத் தேடியது. கெல்லேர்ட்டுக்கு நெஞ்சு நிறைந்து போனது. பாட்டு முடிந்ததும் போல்டிஷார் பிளேயரில் ஆரம்பப் பொத்தானைக் காட்டினான்.

"மறுபடியுமா? கேளுடா, ராஜா, நூறு தடவ கேளு."

கிட்டார் தொடங்கியது. போல்டிஷார் உடனே தலையை ஆட்டினான். "இல்ல." மறுபடியும் ஆரம்பப் பொத்தான். மறுபடி போட்டான். நாலு சுரம் போகவில்லை, "இல்ல." மறுபடியும் பொத்தான். பிளேயர்தான் கெட்டுவிட்டது என்று கெல்லேர்ட் பின்னால் திருப்பிப் பார்த்தான். நாலாவது தடவை போல்டிஷாரின் விரல் பொத்தானை விட்டுவிட்டு அதற்கும் இடப்பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில், மேஜை மேல் போய்த் தட்டியது. ஆரம்பத்துக்கும் முன்னால். அங்கே இருக்க வேண்டியதைத்தான் தேடுகிறான்.

கெல்லேர்ட் பிளேயரை நிறுத்தினான்.

"அது... அத எடுத்துட்டோம்ல, போல்டி. ஞாபகமில்லையா?"

போல்டிஷார் அவனைப் பார்த்தான். "இல்ல" என்றான். அந்த இல்லைக்கு என்ன அர்த்தம் என்று கெல்லேர்ட் அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகத் திவதாருக்குப் போன் போட்டான். "வெட்டினியே, அந்த நாப்பது விநாடி. அத ஒரு கேஸட்ல போட்டுக் குடு."

"எங்கேந்து குடுப்பேன்? மார்ச்சுலயே அந்த டேப் மேல வேற குரூப்ப ஏத்தியாச்சு. நீதானே வேணாம்னு கையெழுத்துப் போட்ட?"

"ஒரு துண்டுகூடவா இல்ல?"

"கெல்லேர்ட், வெட்டினத குப்பையிலதான் போடுவாங்க. பொட்டியில வெச்சுப் பூட்ட மாட்டாங்க."

சரி, நானே வாசித்துக் காட்டுகிறேன், எனக்குத் தெரியாத பாட்டா என்று மறுநாள் கிட்டாரோடு போனான். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த வித்தையும் இல்லாமல், நேராக ஆரம்பித்தான். நாலு சுரம் வந்தது. ஐந்தாவதில் விரல் தானாக வேறு எங்கோ போனது. நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். நாலு சுரம் சரி. ஐந்தாவது அவன் ஆல்பத்தில் வாசித்தது வந்தது. மறுபடி. இந்தத் தடவை வேறு ஒன்று, அதுவும் அவனுடையதுதான். மூன்று மாதமாக அந்த மெட்டைக் கலைத்துக் கலைத்து வாசித்ததில், கலைக்காத மெட்டு எது என்பதே கையில் இல்லை. இருபது விதமாக வாசிக்கத் தெரிந்தது. அந்த ஒரு விதம் மட்டும் வரவில்லை.

போல்டிஷார் பொறுமையாகத்தான் கேட்டான். ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்தாவது இடத்தில் நல்ல கையை நீட்டிக் கம்பிகள் மேல் வைத்து ஒலியை நிறுத்தினான். கோபமாக இல்லை. லிஃப்ட் கதவு மூடாமல் கை வைத்துத் தடுப்பார்களே, அந்த மாதிரி.

"ஆகோதா, நீ கேட்டிருப்பியே. எத்தன வருஷம் கூட இருந்திருக்க. எப்படிப் போகும்னு சொல்லேன்."

"குளிக்கும்போது முனகுவாரு. தண்ணிச் சத்தத்துல பாதிதான் கேக்கும்" என்றாள் ஆகோதா. "நீ வாசிக்கிறது அது இல்லன்னு மட்டும் எனக்குத் தெரியுது. அது எதுன்னு வாயில வரமாட்டேங்குது. என்னத் திட்டாத."

"உன்ன ஏன் திட்டப்போறேன்" என்றான் கெல்லேர்ட். திட்டினால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

பேச்சுப் போனவர்களுக்குச் சில சமயம் பாட்டு வரும், பாட விட்டுப் பாருங்கள் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். பாட விட்டுப் பார்த்தார்கள். போல்டிஷார் வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்தான். வந்தது "இல்ல" தான். அதையே இரண்டு சுரத்தில் சொன்னான். ஆகோதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் கெல்லேர்ட்டுக்கு அந்த யோசனை. இடது கைதான் நல்லா இருக்கிறதே! கம்பியை அழுத்துகிற கை அதுதானே! கிட்டாரைத் தூக்கி அவன் மார்பின் மேல் சாய்த்து வைத்து, கழுத்துப் பகுதியை அவன் கையில் கொடுத்தான். "நீ அழுத்து, நான் மீட்டறேன். எங்க வைக்கணுமோ வை. அவசரமில்ல."

போல்டிஷாருக்குப் புரிந்தது. முகமே மாறிவிட்டது. ஆள்காட்டி விரலை ஓர் இடத்தில் வைத்தான். கெல்லேர்ட் கம்பியை மீட்டினான். முதல் சுரம். விரல் நகர்ந்தது, மீட்டினான். இரண்டாவது. நகர்ந்தது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பாதி நிமிஷம் ஆனது. வியர்த்துக் கொட்டியது. நாலாவது. சரியாக வந்துவிட்டது. கெல்லேர்ட் மூச்சுக்கூட விடவில்லை. இப்போது ஐந்தாவது.

விரல் நாலாவது இடத்திலேயே நின்றது.

காத்திருந்தான். நகரவில்லை. "அடுத்தது, போல்டி. அடுத்தது எங்க?" போல்டிஷார் அதே இடத்தை இன்னும் அழுத்தினான், நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினான். களைத்துவிட்டான், விரல் மாட்டிக்கொண்டது என்று நினைத்தான் கெல்லேர்ட். பாவம், கொஞ்சம் தூக்கிவிட்டால் போய்விடும் என்று அந்த விரலை மெல்லப் பிடித்து அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட்டான். போல்டிஷார் அதைத் திரும்ப நாலாவது இடத்துக்கே கொண்டுவந்து வைத்தான். கெல்லேர்ட் மறுபடி நகர்த்தினான். போல்டிஷார் கையை எடுத்துவிட்டான். போர்வை மேல் போட்டுக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அப்புறம் "இல்ல" கூடச் சொல்லவில்லை.

மிஞ்சியது ஊரில் இருக்கிற அண்ணன் மென்யேர்ட். போல்டிஷாரைவிடப் பதினான்கு வயது மூத்தவர், ஆடுமாடு வைத்திருக்கிறவர். அவர் வீட்டில் போன் இல்லை. பாதிரியார் வீட்டில்தான் இருந்தது. சேதி சொல்லி அவரை அங்கே வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கெல்லேர்ட் பேசினான்.

"அண்ணே, போல்டி பாட்ட ஒரு தடவ போன்ல பாடிக் காட்டுங்க. அவன் அதக் கேக்கறான். எனக்கு வாசிக்க வரல."



"அவன் உயிரோட இருக்கான்ல, தம்பி?"

"இருக்கான் அண்ணே. அதனாலதான் கேக்கறேன்."

"உயிரோட இருக்கறவன் பாட்ட, அவன் இல்லாத எடத்துல இன்னொருத்தன் பாடக் கூடாது."

"சும்மா நாப்பது விநாடிதான் அண்ணே. யாருக்கும் தெரியவேணாம்."

"எனக்குத் தெரியுமில்ல" என்றார் மென்யேர்ட். "எங்கப்பா நெஞ்சுவலில படுத்திருந்தாரு. எனக்குப் பத்தொம்பது வயசு. வைக்கோல் அள்ளிக்கிட்டு அவர் பாட்ட வாய்விட்டுப் பாடினேன், வெளையாட்டா. பாட்டு முடியல, அம்மா உள்ளேந்து கூப்பிட்டா. போய்ட்டாரு. நீங்க படிச்சவங்க, பட்டணத்துல இருக்கறவங்க, இதெல்லாம் ஒண்ணுமில்லம்பீங்க. இருக்கட்டும். என்னால முடியாது."

கெல்லேர்ட் கெஞ்சினான். கடைசியில் மென்யேர்ட் சொன்னார்: "அவன் முன்னால நின்னு பாடறேன். அது தப்பில்ல. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். பிறந்ததுலேந்து இந்த ஊர விட்டு எல்லை தாண்டினதில்ல, தம்பி, எனக்கு எதுக்கு அதெல்லாம் இருந்துச்சு? வந்ததும் ரயில் ஏறிடுவேன். அவன இருக்கச் சொல்லு."

கெல்லேர்ட் அப்படியே போய்ச் சொன்னான். "உங்கண்ணன் வர்றாருடா. பாடறாராம். இருக்கச் சொன்னாரு." போல்டிஷாரின் கண் விரிந்தது. இடது கை வந்து கெல்லேர்ட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம் கெல்லேர்ட் செய்ய ஒன்றுமே இல்லை. தினமும் மூன்று மணிக்குப் போவான். "பாஸ்போர்ட் வந்துச்சா?" என்று ஆகோதா கேட்பாள். "இல்ல" என்பான். அந்தச் சொல் இப்போது மூன்று பேர் வாயிலும் புழங்கியது. இரண்டு தடவை பாதிரியார் வீட்டுக்குப் போன் போட்டான். எழுதிப் போட்ட காகிதத்தில் ஏதோ முத்திரை குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுபடி எழுதிப் போட்டாராம். கிட்டாரை அவன் அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டில் மட்டும் எடுத்து நாலு சுரம் வாசிப்பான். நிறுத்துவான். திரும்ப உறையில் போட்டுவிடுவான். அந்த வாரம் ரேடியோவிலிருந்து பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

ஜூலை ஆறாம் தேதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஆகோதா முகம் கழுவிவிடத் தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் போல்டிஷார் இறந்துபோனான். வியாழக்கிழமை மென்யேர்ட்டின் பாஸ்போர்ட் வந்தது.

சனிக்கிழமை அடக்கம். கறுப்புக் கோட்டும், கையில் தொப்பியுமாக மென்யேர்ட் வந்து நின்றார். போல்டிஷாரின் அதே உயரம், அதே தோள். கெல்லேர்ட்டால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. கிட்டாரைக் கொண்டுவந்திருந்தான். நிலவறைக்காரர்கள் அவன் வாசிப்பான் என்று எதிர்பார்த்தார்கள். ஆகோதாவும் ஒரு தடவை அவனைப் பார்த்தாள். அவன் உறையைத் திறக்கவில்லை.

பெட்டியை இறக்கினார்கள். மென்யேர்ட் குழியின் விளிம்புக்கு வந்து, யாரையும் கேட்காமல், பாடினார். வயசான குரல், கொஞ்சம் கரகரத்தது. ஆனால் நேராகப் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அப்புறம் நாலாவது சுரத்தையே மறுபடி ஒரு தடவை, நீளமாகப் பிடித்தார். அதுதான் ஐந்தாவது. மெட்டு அங்கே எங்கேயும் போகவில்லை. அதே இடத்தில் நின்றது. நின்றுவிட்டுத்தான் இறங்கியது.

கெல்லேர்ட்டின் கண் முன்னால் அந்த விரல் வந்தது. நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்த விரல். அடுத்தது எங்கே என்று கேட்டதற்கு, இங்கேதான், இங்கேதான் என்று இரண்டு தடவை காட்டினானே. இவன்தான் பிடித்து நகர்த்திவிட்டான். பக்கத்துக் கல்லறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மென்யேர்ட் பாடி முடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது.

டிராம் நிறுத்தத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆகோதா பூமாலைக்காரனோடு பேசிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"அவன் பாட்டு ஏதோ தட்டுல வந்திருக்காமே? ஆகோதா சொன்னா" என்றார் மென்யேர்ட்.

கெல்லேர்ட்டின் கோட்டுப் பையில் ஒன்று இருந்தது. கொடுத்தான். மென்யேர்ட் பின்பக்கத்தைத் திருப்பி, எழுத்துக் கூட்டி, ஒன்பதாவது வரியைப் படித்தார். அவரும் அதன் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"பாதிரியார் வீட்டுல இதுக்கு மிஷின் இருக்கு. ஞாயித்துக்கிழம எல்லாரையும் வரச்சொல்லிப் போடறேன். அவன் பாட்டு எல்லாருக்கும் தெரியும். கேட்டா சந்தோஷப்படுவாங்க. இனிமே பாடலாமே, தப்பில்ல. கூடவே பாடுவாங்க."

"அண்ணே" என்றான் கெல்லேர்ட். "அதுல பேர் மட்டும்தான் இருக்கு."

"பாட்டு?"

"ஆரம்பத்துல போல்டி வாசிச்சான். நேரா. நான் வெட்டிட்டேன்."

மென்யேர்ட் அவனை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று கெல்லேர்ட் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டார்.

"தட்டுல எடம் பத்தலையா, தம்பி?"

டிராம் வந்து நின்று கதவு திறந்தது.

"எடம் இருந்துச்சு அண்ணே" என்றான் கெல்லேர்ட்.